பாக்கெட்டில் போட்ட மீட்டர் கணக்கு

காபி பாக்கெட்டில் '1,400 மீட்டர்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டால் விலையும் கூடவே ஏறிவிடுகிறது. உயரம் கூடினால் ருசி கூடும் என்பது பாதிதான் சரி. செடிக்கு மீட்டர் தெரியாது, குளிர்தான் தெரியும்.

மலையில் 100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். 900 மீட்டர் தோட்டத்துக்கும் 1,400 மீட்டர் தோட்டத்துக்கும் 3 டிகிரி வித்தியாசம். அந்த 3 டிகிரிக்கே அரபிகா என்ற காபி இனத்தின் பழம் சில வாரம் பிந்திப் பழுக்கும். ராத்திரி குளிர்ந்தால் செடி சுவாசத்தில் எரிக்கிற சர்க்கரை குறையும், மிச்சம் கொட்டைக்குப் போகும். கொட்டையும் இறுகும். வறுக்காத கொட்டையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மேலே விளைந்ததில் நடுக்கோடு நெளிந்து இறுக மூடியிருக்கும். கீழே விளைந்ததில் கோடு நேராக, வாய் பிளந்த மாதிரி இருக்கும்.

ஆனால் ஹவாயின் பேர்போன கோனா காபி பெரும்பாலும் 900 மீட்டருக்குக் கீழேதான் விளைகிறது. மீட்டரை மட்டும் பார்த்தால் அதைச் சீண்டவே கூடாது! அந்த ஊர் பூமத்திய ரேகையிலிருந்து 19 டிகிரி வடக்கே தள்ளி இருக்கிறது, அதனால் தாழ்விலேயே குளிர் கிடைக்கிறது; மத்தியானத்துக்கு மேல் மேகம் வந்து வெயிலை மறைத்துவிடும். நம் தோட்டங்களில் அந்த மேகத்தின் வேலையைச் செய்வது சில்வர் ஓக்கும் கல்யாண முருங்கையும்தான். மகசூல் ஆசையில் நிழலை ஒரேயடியாகக் கழித்துவிட்டால் செடி தாங்காத அளவுக்குக் காய்க்கும். காய்க்கு ஈடாக இலை இருக்காது, கொட்டை சோடையாகும். வெயில் விழுகிற தண்டைத் தேடி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டும் வரும். 1,400 மீட்டரில் இருந்து என்ன பயன்?

கீழ்ப்பழனி மலையை எடுத்துக்கொள்ளுங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் உயரமும் குளிரும் இருக்கிறது, காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே தாண்டிக்குடியில் இருக்கிறது. சிக்கல் மழையில். சிக்மகளூரில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் அடிக்கிற மாதங்களில் பழம் எடுக்கிறார்கள். பழனி மலைக்குப் பெரிய மழை வடகிழக்கில், அதுவும் பழம் சிவக்கிற நேரம் பார்த்து. பூவும் ஒரே மழையில் பூத்து முடிவதில்லை, அதனால் ஒரே கிளையில் காயும் செங்காயும் பழமும் இருக்கும். நாலைந்து சுற்று பறிக்க வேண்டும். கூலியை மிச்சம் பிடிக்க ஒரே சுற்றில் உருவினால் பச்சைக்காய் சேர்ந்துகொள்ளும். கப்பில் தெரிகிற அந்தத் துவர்ப்பு மலையின் குணம் இல்லை, பறிப்பின் குற்றம்.

பறித்த அன்றைக்கே பல்பிங், அதாவது பல்பர் இயந்திரத்தில் பழத்தோலை உரிப்பது, முடிய வேண்டும். பிறகு தொட்டியில் நொதிக்க வைப்பது. கீழே 24 மணி நேரத்தில் முடிகிறது, மார்கழிக் குளிரில் மேலே 36, 48 என்று இழுக்கும். கடிகாரத்தை நம்பாமல் கையில் அள்ளிப் பிசைந்து பார்க்க வேண்டும்: வழவழப்புப் போய்க் கூழாங்கல் மாதிரி நறநறக்கணும். நேற்றைய கொட்டை பல்பரில் ஒட்டியிருந்து இன்றைய தொட்டியில் விழுந்தால் அழுகிவிடும். அப்படி ஒன்று போதும், முழு டம்ளரும் நாறும்.

அப்புறம் காயவைப்பது. ஈரம் 11 சதவீதத்துக்கு இறங்க வேண்டிய பார்ச்மென்ட்டை (உள்தோல் நீங்காத கொட்டையை) மழைக்குப் பயந்து தார்ப்பாய்க்குள் குவித்தால் உள்ளுக்குள்ளேயே வேர்க்கும், பூஞ்சை பிடிக்கும். தரைக்களத்தை விட, கூரை போட்ட வலைத்தட்டில் மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளறுவதுதான் இந்த மலைகளுக்குச் சரி. செலவு கூடத்தான்.

நாம் பெருமையாகக் கேட்டு வாங்குகிற 'பிளாண்டேஷன் ஏ' 6.65 மில்லிமீட்டர் துளைச் சல்லடையில் நின்ற கொட்டை, அவ்வளவே. அது அளவு, ருசி அல்ல. அதையும் கரிய வறுத்து, 30 சதவீதம் சிக்கரி கலந்தால் மலை எது, சமவெளி எது? (சிக்கரிமேல் விரோதம் இல்லை. பால் காபிக்கு அது ஒரு ருசி. ஆனால் அதற்கு 1,400 மீட்டர் விலை எதற்கு?)

சோதித்துப் பார்க்க, ஒரே ரகத்தில் இரண்டு உயரத்துக் கொட்டை, ஒரே அளவு மிதமான வறுவல். கொரகொரப்பாக அரைத்து, 8.25 கிராம் தூளுக்கு 93 டிகிரியில் 150 மில்லி தண்ணீர். 4 நிமிடம் கழித்து மேலே மிதக்கிற தூள் ஆடையைக் கரண்டியால் விலக்குங்கள். பால், சர்க்கரை வேண்டாம். சூட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆற ஆறத்தான் நல்லதில் ஆரஞ்சுச் சுளையின் புளிப்பும் வெல்லத்தின் இனிப்பும் மேலே வரும். களத்தில் நனைந்ததில் வருவது ஈரச்சாக்கு வாடை.