அந்தப் பெருமைய ஜெயிலுக்குக் குடுக்காதீங்க

எகிப்து ஓவியர் இன்ஜி எஃப்லாதூன் பத்திப் பேச்சு வந்தாலே "ஜெயிலுக்குப் போனதாலதான் அவங்க பெரிய ஆர்ட்டிஸ்ட் ஆனாங்க"ன்னு யாராச்சும் சொல்லிடுறாங்க, எனக்கு இதக் கேட்டா நெஜமாவே கோவம் வருது.

1924ல கெய்ரோல பிறந்தவங்க, நிலபுலன் உள்ள பெரிய குடும்பம், வீட்டுல பேச்செல்லாம் பிரெஞ்சுல, அரபியே வளந்த பிறகுதான் ஒழுங்கா கத்துக்கிட்டாங்க. ஓவியம் சொல்லிக்கொடுத்த காமில் தில்மிசானி, கனவு மாதிரி விசித்திரமா வரையுற சர்ரியலிஸ்ட் குழுக்காரர், அந்தக் குழுவோட 1942 கண்காட்சில இவங்க படமும் இருந்துச்சு, அப்ப இவங்களுக்கு 18 வயசுதான். அப்புறம் கம்யூனிஸ்ட் இயக்கம், பெண்கள் அமைப்பு, 1948ல 'எங்களோடு எட்டு கோடிப் பெண்கள்'னு ஒரு புத்தகம், அதுக்கு முன்னுரை எகிப்தோட பெரிய எழுத்தாளர் தாஹா ஹுசைன். இதெல்லாம் நடந்து முடிஞ்சு பத்து வருஷத்துக்கு மேல ஆன பிறகுதான் ஜெயில்.

1959ல அதிபர் நாசரோட அரசாங்கம் கம்யூனிஸ்ட்கள வரிசையா பிடிச்சப்ப இவங்க தலைமறைவா இருந்து, ஜூன்ல மாட்டிக்கிட்டாங்க. இத்தனைக்கும் 1956ல பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் எகிப்து மேல படையெடுத்த சூயஸ் சண்டையப்ப நாட்டுப் பக்கம் நின்னு வேலை செஞ்சவங்க! நாலு வருஷத்துக்கு மேல உள்ள, 1963லதான் விட்டாங்க.

உள்ள வரையுறதுக்கு அனுமதி வாங்கவே போராட வேண்டியிருந்துச்சு. கூட இருந்த கைதிப் பெண்கள வரைஞ்சாங்க, கம்பிக்கு அந்தப் பக்கம் நைல்ல போற பாய்மரத்த வரைஞ்சாங்க, அப்புறம் சுவருக்குப் பின்னால நிக்கிற மரம், திரும்பத் திரும்ப மரம். அந்த மரங்கள நான் போன்ல பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்திருக்கேன், சுவர் எவ்ளோ உசரமா இருந்தாலும் கிளை அதத் தாண்டி நெளிஞ்சு மேல போய்க்கிட்டே இருக்கும். பதினேழு பதினெட்டு வருஷமா வரைஞ்ச கை அது, ஜெயில் அதுக்கு எதையும் கத்துக்கொடுக்கல, அவங்க கிட்ட இருந்து வருஷங்களத்தான் எடுத்துக்கிச்சு.

வெளிய வந்த பிறகு கிராமங்கள், வயல்ல வேலை செய்ற பெண்கள், பழம் பறிக்கிறவங்க. அந்தப் படங்கள்ல தூரிகைத் தீற்றலுக்கு நடுவுல கான்வாஸ அப்படியே வெள்ளையா விட்டுடுவாங்க, வெளிச்சம் அந்த இடைவெளி வழியாத்தான் வரும். 1989ல இறந்து போற வரைக்கும் வரைஞ்சாங்க. இன்னைக்குப் பழைய கெய்ரோல அமீர் தாஸ் அரண்மனைல அவங்க படங்களுக்குன்னே மியூசியம் இருக்கு, போனா முதல்ல அந்த வெள்ளைப் படங்கள் முன்னாடி நிக்கணும்னு ஆசை.