காசு வாங்கினவனை விட்டுட்டு பையனைப் பிடிச்சுக்கிட்டீங்க

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. சனிக்கிழமையிலிருந்து நம்ம சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் அதுதான் ஓடுது. ஆஸ்திரேலியாவுக்குப் பண்ணை வேலைக்குப் போய், மெல்பர்ன் ஏர்போர்ட்டோட திருப்பி அனுப்பின பையனைப் பத்தி கோயில் மண்டபத்துல நம்ம தலைவர் பேசின பேச்சு. "தாத்தா கூலி, அப்பா கூலி, படிக்க வச்சா பேரனும் வெள்ளைக்காரன் தோட்டத்துக்குக் கூலியாப் போறான். மானம் போச்சு." முன் வரிசையில எழுந்து நின்னு கைத்தட்டல் வேற.

பொறுமையாத்தான் எழுதணும்னு உட்கார்ந்திருக்கேன். முடியுதான்னு பார்ப்போம்.

தலைவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி. அந்தப் பையன்கிட்ட 12,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்கினது யாரு? அவன் பேரை ஏன் மைக்குல சொல்லலை? தீபாவளிக்கு முன்னாடி அதே மண்டபத்துல, அதே மைக்குல "ஆஸ்திரேலியா பண்ணை வேலை, ஸ்பான்சர் விசா, இலவச விளக்கக் கூட்டம்" நடந்துச்சே, அப்ப மானம் எங்க போயிருந்துச்சு? உங்கள்ல சிலபேர் மேடையிலேயே இருந்தீங்க. ஏஜென்ட்டுக்கு மாலை போட்ட படம் இன்னும் உங்க பக்கத்துல இருக்கு. அழிச்சிடாதீங்க, தேவைப்படும்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன், நான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல போட்டோஸ்டேட் கடை வச்சிருக்கேன். சுங்கை சிப்புட்ல யார் எங்க கிளம்புறாங்கன்னு குடிநுழைவு இலாகாவுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். இந்தப் பையனும் என் கடைக்குத்தான் வந்தான். ஏஜென்ட் போன்ல அனுப்பின ரெண்டு தாள். ஒண்ணு வேலைக் கடிதமாம். மேல திராட்சைக் கொத்து படம், கீழ பண்ணைப் பேரு, முகவரி கிடையாது, போன் நம்பர் மட்டும் நம்ம ஊர் 01-ல ஆரம்பிக்கிற நம்பர். இன்னொண்ணு விசா. 601-ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஈ.டி.ஏ., சுத்திப் பார்க்கப் போறவங்க எடுக்கிறது. மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இருந்தா நாமே போன்ல ஆப்பை இறக்கி, 20 ஆஸ்திரேலிய டாலர் கட்டி எடுத்துக்கலாம். நம்ம காசுக்கு அறுபது வெள்ளிக்குள்ள முடிஞ்சிடும். ஒரு தடவை போனா மூணு மாசம் வரைக்கும் இருக்கலாம். பண்ணையில கூலிக்கு ஒரு பழம்கூடப் பறிக்கக் கூடாது.

அறுபது வெள்ளிச் சரக்கை 12,000-க்கு வித்தவன் நேத்துகூட என் கடை முன்னாடி புது காடியை நிறுத்திட்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். மானம் போனது பையனுக்காம்.

"இவ்வளவு தெரிஞ்சும் நீ ஏன் பிரிண்ட் போட்டுக் கொடுத்தே?" இப்படி ஒருத்தர் எழுதுவார், யாருன்னும் எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன் குடும்பமும் நடத்திக் காட்டணுமா? "தம்பி, இது டூரிஸ்ட் விசாப்பா"ன்னு சொன்னேன். "அங்க போனதும் மாத்திக் கொடுப்பாங்களாம்க்கா"ன்னான். 40 காசு வாங்கிட்டுக் கொடுத்தேன். தாளைக் கிழிச்சுப் போடணுமா? அடுத்த கடையில அடிச்சுக்குவான்.

எப்படி மாத்துவாங்கன்னு கேளுங்க. இறங்கின வாரமே பண்ணைக்கு ஆள் சேர்க்கிற காண்ட்ராக்டர் ஒரு பாரத்தை நீட்டுவான், கையெழுத்துப் போடுன்னு. அது 866, அகதிப் பாதுகாப்பு மனு. "சொந்த நாட்டுல எனக்கு ஆபத்து"ன்னு பையன் பேர்ல எவனோ எழுதின கதை. அந்த மனு கிடப்புல இருக்கிற வரைக்கும் ஒரு இடைக்கால விசாவுல ஓட்டலாம். 2017, 2018 வாக்குல ஆஸ்திரேலியாவுல பாதுகாப்பு மனு போட்டவங்கள்ல மலேசியர்கள்தான் முதலிடம். இங்க என்ன போரா நடந்துச்சு? பாதிப் பேருக்குத் தாங்க என்ன மனுவுல கையெழுத்துப் போட்டோம்னே தெரியாது. மனு தள்ளுபடியாகி, விசா முடிஞ்சும் தங்கிட்டு வந்தா மூணு வருஷத்துக்கு உள்ள விட மாட்டாங்க.

சரி, அடுத்தது. "முறையாப் போகலாமே." இதைச் சொல்றவங்க நல்லவங்க, ஒத்துக்கிறேன். முறையான வழியை ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டுச் சொன்னா இன்னும் நல்லவங்களா இருப்பாங்க. சுத்திப் பார்த்துக்கிட்டே வேலையும் செய்ய விடுற 462 விசா இருக்கு, 18 வயசுல இருந்து 30 வரைக்கும். பள்ளிக்கூடம் முடிக்கிற எஸ்.பி.எம். தேர்வு மட்டும் பத்தாது, மேல படிச்ச தகுதி வேணும், ஆங்கிலம் வேணும், வருஷத்துக்கு இத்தனை பேருன்னு அளவு வேற. பண்ணைக்குன்னே ஆள் எடுக்கிற திட்டம் ஒண்ணு இருக்கு, அது பசிபிக் தீவுக்காரங்களுக்கும் திமோர் லெஸ்தேவுக்கும். நம்ம நாட்டுப் பேரு அதுல இல்லை. 2021-ல ஆசியான் நாட்டுக்காரங்களுக்கு விவசாய விசான்னு அறிவிச்சாங்க, வியட்நாமோட ஒப்பந்தமும் போட்டாங்க, ஆட்சி மாறினதும் கைவிட்டுட்டாங்க. செத்துப்போன அந்த விசாவைத்தான் நம்ம மண்டபத்துல இன்னமும் வித்துக்கிட்டு இருக்காங்க. முதலாளி ஸ்பான்சர் பண்ற 482-க்கு வருஷத்துக்கு 70,000 டாலருக்கு மேல சம்பளம் காட்டணும், தொழில் தெரிஞ்ச ஆளா இருக்கணும். ஆரஞ்சு பறிக்க வர்றவனுக்கு எந்த முதலாளி அதைத் தருவான்? இதெல்லாம் கிடக்கட்டும். "ஸ்பான்சர் பண்றேன், காசு கொடு"ன்னு கேட்கிறதே ஆஸ்திரேலியாவுல 2015 டிசம்பர்லிருந்து குற்றம். கேட்டவனைப் பிடிங்கய்யா முதல்ல.

போய் நல்லா சம்பாதிச்சு வீடு வாங்கினவங்களும் இருக்காங்க. தெரியும். அவங்களைப் பத்தி இது இல்லை.

"பேராசை"ன்னு ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கார். இங்க குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி, மாசத்துக்கு. அங்க அதே 2025-ல சட்டப்படி மணிக்கு 24 டாலருக்குக் குறையக் கூடாதுன்னு இருந்துச்சு. மணிக்கு எழுபது வெள்ளி பக்கம் வருது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவன் பேராசைக்காரன்னா, மகனை லண்டனுக்கு வேலைக்கு அனுப்பிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறவர் யாரு? பெயரில்லாத ஒரு வாய்ஸ் நோட்காரரைத்தான் சொல்றேன்.

என் தம்பி போனவன். ஆஸ்திரேலியாவுல மில்டுரா பக்கம், ஆரஞ்சு பறிக்க. ஏணியில ஏறி, வயித்துல கட்டின பையில பழத்தை நிரப்பி, இறங்கி வந்து பின்ல, அதாவது பெரிய தொட்டியில, கொட்டணும். ஒரு பின் நிரம்ப நானூறு ஐந்நூறு கிலோ ஆகும். மணிக்கணக்கு கிடையாது, பின் கணக்குதான். அவனை வேலைக்கு வச்ச காண்ட்ராக்டர் வெள்ளைக்காரன்னு நினைக்காதீங்க. நம்ம பேராக் மாநிலத் தமிழர்தான், வீட்டுல முருகன் படம் மாட்டியிருப்பாராம். முதல் வாரச் சம்பளச் சீட்டுன்னு ஆரஞ்சுப் பெட்டி அட்டையைக் கிழிச்சு, பின்பக்கம் பேனாவுல எழுதிக் கொடுத்தார்: பின் 9, வீடு கழிவு, வேன் கழிவு, மீதி. அந்த மீதி எவ்வளவுன்னு இங்க எழுதினா சிரிப்பீங்க. பின் கணக்குல எடுத்தாலும் மணிச் சம்பளத்துக்குக் குறையக் கூடாதுன்னு 2022 ஏப்ரல்ல அங்க விதி கொண்டு வந்தாங்க. அதுக்குள்ள இவன் ஊர் வந்து சேர்ந்துட்டான்.

வந்ததும் கல்யாண வீட்டுல என்ன கேட்டீங்க? "என்ன ஆஸ்திரேலியாக்காரரே, டாலர் எங்க?" சாப்பாட்டு மேசையில எல்லாரும் சிரிச்சீங்க. அம்மா இன்னைக்கு வரைக்கும் கேட்கிறவங்ககிட்ட, "கோர்ஸ் படிக்கப் போயிருந்தான்"னுதான் சொல்றாங்க. ஏமாத்தினவன் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான், எங்கம்மா பொய் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

"தோட்டத்துல வேலை கிடக்கு, செய்ய மாட்டானுங்க" இதையும் கேட்டாச்சு. எந்தத் தோட்டம்? எங்கப்பா பால் வெட்டின ரப்பர் மரத்தையெல்லாம் சாய்ச்சு செம்பனை (எண்ணெய்ப்பனை) வச்சாங்க. குலை வெட்ட காண்ட்ராக்ட்ல வெளிநாட்டு ஆளுங்க வந்தாங்க, அவங்களும் பாவம் ஏஜென்ட்டுக்குக் கடன்பட்டுத்தான் வந்தாங்க. எங்க லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னப்ப தட்டுமுட்டுச் சாமானோட லாரியில ஏறி டவுனுக்கு வந்தோம். அன்னைக்கு எந்த மண்டபத்துலயும் யாரும் மானத்தைப் பத்திப் பேசினதா எனக்கு ஞாபகம் இல்லை.

மேடைக்கு மேடை துன் சம்பந்தன் பேரைச் சொல்றீங்களே. ம.இ.கா. தலைவரா, அமைச்சரா இருந்தவர், இந்த ஊர்ல பிறந்த மனுஷன். தோட்டங்களைத் துண்டு போட்டு வித்துக்கிட்டிருந்த காலத்துல, 1960-ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு, தோட்டம் தோட்டமா ஏறி இறங்கி தொழிலாளிகிட்ட பங்குப் பணம் வாங்கினார். அவரும் காசுதான் வாங்கினார். அந்தக் காசுல தோட்டம் வாங்கினார். எங்க பாட்டியோட பங்குப் புத்தகம் இன்னும் அலமாரியில இருக்கு. உங்க ஏஜென்ட் கொடுத்த ரசீது ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்.

கடைசியா ஒண்ணு. பையன் பேரையோ படத்தையோ கமெண்ட்ல போட்டா அழிப்பேன், மறுபடி போட்டா பிளாக். அவன் அம்மாவும் இந்தப் பதிவைப் படிப்பாங்க. பணம் கொடுத்து ஏமாந்தவங்க இன்னும் பலபேர் இருக்கீங்க, எனக்குத் தெரியும். பணம் அனுப்பின பேங்க் ஸ்லிப், வாட்ஸ்அப் பேச்சு, அந்த ரெண்டு தாள், எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு கடைக்கு வாங்க. போலீஸ் புகாருக்கு எத்தனை நகல் வேணும்னாலும் இலவசமா எடுத்துத் தர்றேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வாங்க, அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடப் பிள்ளைங்க கூட்டம்.