நம்பரை ஒட்டிவிட்டுத் தூங்கப் போனவர்களுக்கு

முந்தாநாள் ராத்திரி, வாழ்ந்தது போதும் என்ற தொனியில் எழுதிய அந்தத் தம்பியின் பதிவுக்குக் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். பெயரைச் சொல்லப்போவதில்லை, தெரிந்தவர்களும் கமெண்டில் எழுதாதீர்கள். அவர் பத்திரமாக இருக்கிறார். என் ஆத்திரம் அவர் எழுதியதன் மேல் இல்லை, கீழே வரிசையாக ஒட்டப்பட்ட அந்தத் தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைன் எண்கள் உள்ள படத்தின் மேல்தான். எந்த வருஷத்துப் பட்டியலோ, அதில் ஓர் எண்ணை அழைத்தால் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. ஒட்டியவர்களில் ஒருவராவது அதை டயல் செய்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"நம்பர் போட்டது ஒரு தப்பா?" தப்பே இல்லைங்க. நம்பரோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு. படமாகப் போட்ட எண்ணைத் தொட்டுக் கூப்பிட முடியாது. கை நடுங்கிக்கொண்டிருப்பவர் அதை மனப்பாடம் செய்து, படத்தை மூடி, திரும்ப ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். எழுத்தாகப் போடுங்கள்: 14416. இது டெலி மானஸ், போனில் மனநல ஆலோசனை தரும் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். சென்னையிலேயே 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா: 044-24640050. தமிழக அரசின் சுகாதார உதவி எண்ணான 104-லும் பேச ஆள் இருக்கிறார்கள்.

ஆனால் லைன் பிஸியாக இருந்தால்? நமக்கு அது வெறும் பிஸி டோன். அந்த மனநிலையில் இருப்பவருக்கு "இங்கேயும் எனக்கு ஆள் இல்லை" என்று கேட்கும். இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார். அதனால்தான் தொண்டை வலிக்கச் சொல்கிறேன், லைன் கிடைக்கும்வரை கூட ஒருவர் இருக்கணும்.

இருப்பது எப்படி? கமெண்டில் வேண்டாம், இன்பாக்ஸுக்குப் போங்கள். எண் இருந்தால் போன் போடுங்கள். "தனியா இருக்கியா? சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால், பக்கத்தில் ஆபத்தான பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, அதை விட்டு வேறு அறைக்கோ வாசலுக்கோ வரச் சொல்லுங்கள். பேச்சை அறுக்காமல் 'ஆட் கால்' போட்டு 14416-ஐ அழையுங்கள். மொழியை நீங்களே தேர்வு செய்து, ஆலோசகர் பேச வந்ததும் விஷயத்தை இரண்டு வரியில் சொல்லி, அப்புறம் 'மெர்ஜ்' கொடுங்கள். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டுவிட்டார் என்றால் ஹெல்ப்லைன் வேண்டாம், உடனே 108. சென்னையில் பாதி வீட்டுக்குப் பழைய எண், புது எண் என்று இரண்டு இருக்கும், இரண்டையும் சொல்லுங்கள். எந்த பிளாக், எத்தனையாவது மாடி என்பதும் வேண்டும். கீழே கேட்டைத் திறந்து வைக்க ஒரு ஆளைப் பிடியுங்கள், ராத்திரியில் நேரம் போவது அங்கேதான்.

"நேரா கேட்டா நாமளே ஐடியா குடுத்த மாதிரி ஆகாதா?" ஆகாது. ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டன. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை, சொல்ல முடியாமல் தவித்தவருக்கு வாய் திறக்க வழி கிடைக்கிறது.

"போலீஸ் கேஸ் ஆயிடுமே?" ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்கும் மருத்துவ-சட்டப் பதிவு) பதிவு செய்வார்கள், விசாரிக்க வரலாம். ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, வேறு மாதிரி நிரூபிக்கப்படாத வரை தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் அந்த வடிவில் இல்லவே இல்லை. இந்தப் பயத்தில் ஆம்புலன்ஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

"இதெல்லாம் கவனத்தை ஈர்க்கப் போடுற பதிவு." இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கவனம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? யாரும் 'தற்கொலை' என்று தலைப்பு போட்டு எழுதுவதில்லை. "போதும்டா சாமி", "எல்லாருக்கும் நன்றி, யார் மேலயும் கோவம் இல்ல" என்றுதான் எழுதுவார்கள். ஆபத்தான பதிவைக் கண்டுபிடிக்கச் சொல்லைத் தேடும் மென்பொருளுக்கு அது அலுப்பாகத் தெரியலாம், கூடப் படித்தவனுக்குமா தெரியாது? 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். அதில் எத்தனை பேரை இப்படி 'சீன் போடுறான்' என்று தள்ளிவிட்டோமோ.

இன்னும் ஒன்று, யாரும் பேசாதது. பிழைத்து வீட்டுக்கு வந்தபிறகு என்ன? உறவினர்கள் "வெளியே மூச்சு விடாதே" என்பார்கள். நண்பர்கள் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கிவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் நம் சென்னை உட்பட ஐந்து இடங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரிடம் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பேருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரப் பேச்சு, அப்புறம் 1, 2, 4, 7, 11-ஆவது வாரங்களிலும் 4, 6, 12, 18-ஆவது மாதங்களிலும் ஒரு போனோ நேர்ச் சந்திப்போ. அவ்வளவுதான். பதினெட்டு மாத முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம். புது ஆப், சாட்பாட் என்று பேசுகிறோம். எனக்குத் தெரிந்து முதலில் வேண்டிய டிஜிட்டல் கருவி, போன் காலண்டரில் போடும் ஒன்பது ரிமைண்டர். நீட் எழுதிய பிள்ளைகளை 104-லிருந்து தாங்களாகவே அழைத்துப் பேசினார்களே, அதுவும் இதே வழிதான். அவர்கள் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் நாம் கூப்பிடுவது.

"எனக்கு வேலை இல்லையா, நான் என்ன டாக்டரா?" வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை. "சாப்டியா, நாளைக்கு வரட்டா?" என்று கேட்கப் பட்டம் வேண்டாம். தனியாகச் சுமக்கவும் வேண்டாம், நாலு பேர் தேதியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டையும் வீட்டு வாசல் போட்டோவையும் போலீஸை டேக் செய்து போட்டவர்கள் இன்றைக்கே நீக்குங்கள். அவர் திங்கள்கிழமை ஆபீஸுக்குப் போக வேண்டியவர். அவருடைய நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் வாரத்துப் போன் யாருடையது என்று இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.