ஊருக்கெல்லாம் லீவு, எங்களுக்கு மட்டும் சீசன்

நேற்று இரவு பதினொன்றரைக்குத்தான் வீடு வந்து சேர்ந்தேன். மலர்க் கண்காட்சி பார்க்க வந்த ஒரு குடும்பத்தைக் கோத்தகிரி வழியாக இறக்கி மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் விட்டுவிட்டு, பர்லியார் வழியாகக் குன்னூர் ஏறி வருவதற்குள் கிளட்ச் மிதித்து மிதித்துக் கால் மரத்துவிட்டது. வண்டியில் வந்தவர் நல்ல மனிதர். பேச்சுவாக்கில், என் அம்மா இலங்கையில் பிறந்தவர், ஒரு முறை அங்கே கூட்டிப் போக வேண்டும் என்று சொன்னேன். "அதுக்கென்னங்க, பிள்ளைங்களுக்கு இப்போ லீவுதானே, ஒரு வாரம் போயிட்டு வந்துடுங்க" என்றார். அப்போது ஆரம்பித்த கொதிப்பு இன்னும் அடங்கவில்லை.

லீவுதான். ஆனால் யாருக்கு?

அவர் பிள்ளைகளுக்கு லீவு என்பதால் அவர் இங்கே வந்தார். அவர் வந்ததால் நான் வண்டி ஓட்டுகிறேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் தூக்கத்தை விட்டு ஓட்டினால்தான், ஜூன் ஜூலை மழையில் வண்டி சும்மா நிற்கும்போது டியூ கட்ட முடியும். 2025இல் சீசன் மாதங்களுக்கு நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று நீதிமன்றமே வரம்பு வைத்தது. மலை தாங்காத கூட்டம் வருகிறது என்றுதானே வைத்தார்கள்? அத்தனை பேரையும் ஏற்றி இறக்கி, சமைத்துப் போட்டு, அறையைப் பெருக்கி, படுக்கை மாற்றுவது எல்லாம் நாங்கள்தான். என் வீட்டுக்காரி ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறாள். மே மாதத்தில் அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடக் கிடையாது. எங்கள் பிள்ளைகள் இரண்டும் இந்த இரண்டு மாதமும் பாட்டியோடு டிவி முன்னால்தான் கிடக்கின்றன.

சரி, மே வேண்டாம், காலாண்டு லீவில் போகலாம் என்று பார்த்தால் அது இரண்டாவது சீசன். ஆயுத பூஜையும் சேர்ந்து வந்தால் சிம்ஸ் பூங்கா பக்கம் வண்டி நகராது. அரையாண்டு லீவு என்றால் கிறிஸ்துமஸ், புது வருஷம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் மூடுகிற ஒவ்வொரு நாளும் எங்களுக்கு வேலை நாள். பள்ளிக்கூடம் திறந்தபின் எங்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். இந்த மலையில் சுற்றுலாவை நம்பி வாழ்கிற எத்தனை குடும்பம் பிள்ளைகளோடு சேர்ந்து வெளியூர் போயிருக்கிறது என்று வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள்.

கோடை விடுமுறை என்பதே சமவெளி வெயிலுக்காக வந்தது. வேலூரிலும் கரூரிலும் மே மாதம் பிள்ளைகளை வகுப்பில் அடைத்து வைக்க முடியாது, அது நியாயம். குன்னூரில் மே மாதம் ஃபேன் இல்லாத வகுப்பறையில் உட்கார்ந்து நிம்மதியாகப் படிக்கலாமே. அதற்குப் பதிலாக, காற்றில் மரம் சாய்கிற ஜூலையிலும் ஆகஸ்டிலும் நனைந்துகொண்டு போகிறார்கள். ரெட் அலர்ட் வந்தால் கலெக்டர் லீவு விடுகிறார். அது பிள்ளைகளின் உயிருக்காக விடுவது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாட்களுக்கு ஈடாகச் சனிக்கிழமை வகுப்பு வைத்துச் சமாளிக்க முடிகிறது அல்லவா? இதை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

இலங்கை என்ன தூரம், எப்போது வேண்டுமானாலும் போகலாம், வெப்பமண்டல நாடுதானே, வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்பவர்கள் அந்த நாட்டின் மழையை அறியாதவர்கள். அங்கே இரண்டு மழைக்காலம், இரண்டு பக்கத்தில் இருந்து. மே கடைசியில் இருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பையும் மலையகத்தின் மேற்குச் சரிவையும் அடிக்கும். நம் கூடலூரை நனைக்கிற அதே காற்றுதான் ஹட்டன் பக்கத்தையும் நனைக்கிறது. அப்போது திருகோணமலை, மட்டக்களப்புக் கடற்கரை காய்ந்து கிடக்கும். டிசம்பரில் வடகிழக்கு மழை அந்தக் கிழக்குப் பக்கம் போய்விடும். நடுவில் அக்டோபர், நவம்பர் இடியும் புயலுமான காலம். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். கடற்கரைக்குப் போகிறவர்கள் மாதத்துக்கு ஏற்றபடி பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் போக வேண்டியது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அதற்கு ஏற்ற காலம் ஜனவரியில் இருந்து மார்ச் வரைதான்.

இங்கே ஜனவரி முதல் மார்ச் வரை என்ன? ரிவிஷன் டெஸ்ட், யூனிட் டெஸ்ட், அப்புறம் பரீட்சை.

ஏப்ரலில் போகலாமே என்று போன வருஷம் விசாரித்தேன். ஏப்ரல் பாதியில் அங்கே சித்திரைப் புத்தாண்டு. சிங்களவர், தமிழர் இருவருக்கும் அதுதான் பெருநாள். கடைகள் மூடிவிடும், கொழும்பில் வேலை செய்கிற தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஊருக்கு ஏறுவார்கள், மலைக்குப் போகிற ரயிலில் இடம் கிடைக்காது. போதாததற்கு ஏப்ரல் நுவரெலியாவின் சீசன். நம் ஊட்டி போலவே அங்கேயும் கூட்டம், ரூம் வாடகை ஏற்றம். திருச்சியில் இருந்து கொழும்புக்கு விமானக் கட்டணம் பார்த்தேன். பிப்ரவரியில் காட்டியதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஐந்து பேருக்கு! கப்பலில் போகலாம் என்றார் ஒரு நண்பர். நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் தொடங்கிய கப்பல், வடகிழக்கு மழை வந்தால் நின்றுவிடும். அரையாண்டு லீவுக்கு அதை நம்பி அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினம் வரை போக முடியுமா?

இவ்வளவு ஏன் துடிக்கிறேன் என்றால், இது ஊர் சுற்றும் ஆசை கிடையாது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்துத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அந்தக் கணக்கு என் அம்மாவின் வீட்டுக்குள்ளேயே விழுந்தது. தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். கல்யாணம் ஆகியிருந்த பெரியம்மா அங்கேயே குடியுரிமை வாங்கினார். சில வருஷம் கழித்துக் கிளம்பும் முறை வந்தபோது அம்மாவுக்குப் பதினாறு வயது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தார். அதன்பின் அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. இப்போது வாட்ஸ்அப்பில் பார்க்கிறார்கள். டிட்வா வந்தபோது பெரியம்மா இருக்கிற லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால் மண் சரிந்தது. பதினோரு நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். அவருக்கு 74 வயது. அம்மாவுக்கு 68, இரண்டு முழங்காலும் போய்விட்டது. பேரப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டி வா, ஒரு தடவை என் கையால் சோறு போட வேண்டும் என்று பெரியம்மா போனில் அழுதார்.

அதற்காகத்தான் இந்த பிப்ரவரியில் ஆறு நாள் லீவு கேட்டேன். ஆறே நாள். மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஐந்து. பொதுத்தேர்வு கிடையாது. வகுப்பு டீச்சர் சரி என்றார், பாவம், நோட்ஸ் அனுப்புகிறேன் என்று கூடச் சொன்னார். மேலே ஆபீஸில் முடியாது என்றுவிட்டார்கள். "எல்லாரும் ஹாலிடேல டூர் போறாங்க, நீங்க மட்டும் ஏன் ஸ்கூல் நாள்ல போறீங்க?" என்று கேட்டார்கள். நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பள்ளிக்கு வருகிற விருந்தினரை ஸ்டேஷனில் இருந்து ஏற்றி வருவதே பல தடவை நான்தான். வருஷத்தில் 200 நாளுக்கு மேல் பள்ளி நடக்கிறது. மழைக்கு மூடிய நாளைச் சனிக்கிழமையில் ஈடுகட்டத் தெரிந்த பள்ளிக்கு, ஒரு குழந்தையின் ஆறு நாளை ஈடுகட்டத் தெரியாதா? நோட்டை வாங்கி எழுத வைக்க நான் இல்லையா, அவள் அம்மா இல்லையா?

ஜூனில் மகள் ஒன்பதாம் வகுப்பு. அதற்கடுத்த வருஷம் பத்து. அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு. அந்த மூன்று வருஷமும் பிப்ரவரி என்ற பேச்சையே எடுக்க விடமாட்டார்கள். மே மாதத்தில் கூட ஸ்பெஷல் கிளாஸ் என்று கூப்பிடுவார்கள். ஆக, வருகிற பிப்ரவரியை விட்டால் நாலு வருஷம் போய்விடும். அப்போது பெரியம்மாவுக்கு 79 ஆகும். அம்மா படி ஏறுவாரா என்றே தெரியாது.

பள்ளி திறக்கிற முதல் நாளே பிப்ரவரிக்கான லீவ் லெட்டரைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். எட்டு மாதம் முன்னாடியே கொடுக்கிறேன், தேதி போட்டு, காரணம் எழுதி. முடியாது என்றால் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், வாங்கி வைத்துக்கொள்கிறேன். இந்த சீசன் காசில் டிக்கெட் எடுத்தாயிற்று என்று பெரியம்மாவிடம் அடுத்த வாரம் சொல்லத்தான் போகிறேன்.