பதினாறும், என் அத்தையின் இடுப்பும்

எங்கள் அப்பத்தா பெற்றது ஒன்பது. தங்கியது ஆறு. "ரெண்டு மூணு போனாலும் மிச்சம் நிக்கும்ல" என்பார், நாற்றங்காலைப் பற்றிச் சொல்வதுபோல. மூத்தவர் என் பெரிய அத்தை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். வரிசையாகப் பிறந்த தம்பிகளை வேறு யார் தூக்குவது? அத்தை கணக்கில் புலி. இன்றைக்கும் பால் கணக்கை வாயாலேயே தீர்த்துவிடுவார். பெரிய குடும்பம் நாட்டுக்கு நல்லதா கெட்டதா என்று யாராவது ஆரம்பித்தால், எனக்கு அத்தையின் இடுப்புதான் ஞாபகத்துக்கு வரும்.

2024 அக்டோபரில் இரண்டு முதல்வர்கள் அடுத்தடுத்து இதைப் பேசினார்கள். நிறையப் பெறுங்கள் என்றார் சந்திரபாபு நாயுடு. மக்களவைத் தொகுதி குறையும் நிலையில் பதினாறு பெற்றால் என்ன என்று சென்னைத் திருமண விழா ஒன்றில் கேட்டார் ஸ்டாலின், பாதி வேடிக்கையாக. ('பதினாறும் பெற்று' என்று வாழ்த்துவார்களே, அந்தப் பதினாறு பிள்ளைக் கணக்கே இல்லை, செல்வங்கள். நன்மக்கள் அதில் ஒன்று. அவருக்கும் இது தெரியும்.)

கவலை நியாயம்தான். தொகுதிக் கணக்கை 1971 மக்கள்தொகையோடு நிறுத்தி வைத்தது 1976ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தம். 2019-21 குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை, பீகாரில் 3. தலையை மட்டும் எண்ணித் தொகுதி பிரித்தால், சொன்ன பேச்சைக் கேட்ட மாநிலத்துக்குத் தண்டனை. அதைச் சட்டத்தில் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள், பிரசவ வார்டில் வேண்டாம்.

அந்த 1.8 குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோண விளம்பரத்தால் மட்டும் வந்ததில்லை. 1971இல் இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020இல் அது 13. பெற்றது தங்கும் என்று தெரிந்த பிறகு அப்பத்தாவின் நாற்றங்கால் கணக்கு செல்லவில்லை. தடுப்பூசி, கிராம சுகாதார நர்ஸ், சத்துணவு, பக்கத்திலேயே உயர்நிலைப்பள்ளி எல்லாம் சேர்ந்துதான் குடும்பத்தைச் சுருக்கின. நம் 'பண்பாடு' என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, பயம்.

அத்தைக்கு இரண்டும் பெண். அதோடு ஆபரேஷன் செய்துகொண்டார். ஆண் பிள்ளை இல்லாமலா என்று அப்பத்தா ஆறு மாதம் பேசவில்லை. மகள்கள் இரண்டு பேரும் டிகிரி முடித்து வேலைக்குப் போகிறார்கள்.

வயதானவர்கள் பெருகுகிறார்கள், யார் பார்ப்பது என்கிறார்கள். உண்மைதான். அதற்குப் பென்ஷனும் வேலையிடத்தில் குழந்தைகள் காப்பகமும் கேட்கலாமே.

போன மாதம் ஒரு வளைகாப்பில், ஒற்றைப் பிள்ளையோடு நிற்கும் அத்தை மகளிடம் ஒரு பெரியவர், "இன்னொண்ணு பெத்துக்கம்மா, ஊருக்கு நல்லது" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தை கேட்டார்:

"பெத்துக்குவா. தூக்கி வச்சுக்க நீங்க வர்றீகளா?"