வாளையாரில் பிடிக்கும் தெர்மாமீட்டர்

கேரளாவில் நிபா என்ற உயிர்க்கொல்லி வைரஸ் காய்ச்சல் என்று செய்தி வந்தால், கோவை–பாலக்காடு எல்லையில் உள்ள வாளையார் சாவடியில் பேருந்தை நிறுத்தி ஒவ்வொருவர் நெற்றியிலும் தெர்மாமீட்டர் பிடிப்பார்கள். 2018-லிருந்து பார்க்கிறேன். வெயிலில் நின்று அந்த வேலையைச் செய்கிற சுகாதார ஆய்வாளர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நம் ஏற்பாடு சாவடியோடு நின்றுவிடுகிறதோ என்று பயமாக இருக்கிறது.

நிபா தொற்றி காய்ச்சல் தெரியப் பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும். அந்த இடைவெளியில் ஒருவர் பாலக்காட்டிலிருந்து கோவைக்கு நாலு தடவை வந்து போய்விடலாம், எந்தத் தெர்மாமீட்டரும் காட்டாது. காய்ச்சல் வந்த பிறகு அவர் போகப்போவது பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு. அங்கே சரியாகவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிராவில் நடந்தது அப்படித்தான். முதலில் இறந்த இளைஞருக்கு என்ன நோய் என்றே யாருக்கும் தெரியவில்லை. தாலுகா மருத்துவமனையில் இருந்தார், அப்புறம் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள், மே 5-ஆம் தேதி இறந்தார். அதே வீட்டில் அவருடைய அண்ணனும் அதே மாதிரி படுத்த பிறகுதான் ஒரு தனியார் மருத்துவமனை மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்தது. மாதிரி மணிப்பாலுக்குப் போய், புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வகம் நிபா என்று உறுதி செய்தபோது மே 20 ஆகிவிட்டது. இடைப்பட்ட நாள்களில் நோய் மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவியிருந்தது. ஸ்கேன் எடுக்க வராந்தாவில் காத்திருந்தவர்களுக்கும் தொற்றியது. வேறு எதற்காகவோ வந்து உட்கார்ந்திருந்தவர்கள்! அந்த இளைஞரைக் கவனித்துக்கொண்ட செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். மொத்தம் 17 உயிர் போனது.

அதற்குப் பிறகு கேரளா நிறையக் கற்றுக்கொண்டது. 2019-இல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு வந்தது, பிழைத்தார், வேறு யாருக்கும் பரவவில்லை. ஆனாலும் 2023-இல் கோழிக்கோட்டில் முதலாமவர் ஆகஸ்ட் 30 அன்று இறந்தபோது நிபா என்று தெரியாது. அவர் வீட்டில் மற்றவர்களுக்குக் காய்ச்சல் வந்த பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு பட்டவர்களுக்கே முதல் நோயாளி நழுவிவிடுகிறார் என்றால், நம் பக்கம் எப்படி இருக்கும்?

என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாலக்காடு மாவட்டத்து ஒற்றப்பாலத்தில் சித்தி வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்ததும் கடும் காய்ச்சல். கோவையில் ஒரு மருத்துவமனையில் நாலு நாள் படுத்திருந்தார். பிளேட்லெட் தினமும் பார்த்தார்கள். எங்கே போயிருந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த கட்டில் ஒரு கை தூரம், ஒவ்வொரு கட்டிலுக்கும் கூட இரண்டு பேர். கடைசியில் டெங்கு என்று தெரிந்தது, குணமாகிவிட்டார். அந்த வார்டில் இரவு ஒரே ஒரு செவிலியர்தான், அவரை நான் என்ன குறை சொல்ல?

நம்மிடம் அடித்தளம் இல்லாமல் இல்லை. பொது சுகாதாரத்துக்கென்று 1939-லேயே சட்டம் போட்ட மாகாணம் இது. தனித் துறை இருக்கிறது, கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போகிறார். ஆனால் கொரோனாவில் ஒப்பந்தத்தில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களுக்குப் பணி நீட்டிப்பு கிடையாது என்று 2022 டிசம்பர் கடைசியில் நம் அரசு சொன்னதே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. மாற்று வேலை என்று பேச்சு வந்தது, சரி. பெருந்தொற்று வார்டில் கைபழகியவர்களை முதலில் ஏன் கலைக்க வேண்டும்?

2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்திலேயே நிபா வந்துவிட்டது. அந்த மாவட்டத்து அட்டப்பாடி மலை மக்கள் பலர் ஆனைகட்டி வழியாக சிகிச்சைக்குக் கோவைக்குத்தான் வருகிறார்கள். ஆக அடுத்த முதல் நோயாளி நம் வார்டில் படுத்திருக்கலாம். பாலக்காட்டில் சந்தேகம் எழுந்த அன்றே கோவை, நீலகிரி மருத்துவர்களுக்கு நேரடியாகத் தகவல் வர வேண்டும். சென்னை சுற்றி வரக் கூடாது. கூடலூர், வால்பாறை, செங்கோட்டை மாதிரி எல்லை ஊர் மருத்துவமனைகளில், காய்ச்சலோடு நினைவு தடுமாறி வருகிறவருக்குத் தனி அறை வேண்டும், கூட ஒருவர் போதும். அப்புறம் அந்த ஓபி சீட்டு. பெயர், வயது, ஊர் எழுதுகிறார்கள். கடந்த மூன்று வாரத்தில் எங்கே போனீர்கள், வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்று இன்னும் இரண்டு வரி சேர்த்து அச்சடிக்கட்டும். அடுத்த மே மாதத்துக்குள் செய்துவிடக்கூடிய வேலைதான் இது.