குளோரின் வாடை தூய்மைக்குச் சான்று அன்று

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில், "குளோரின் வாடை தூக்கலாக வீசும் நீச்சல் குளத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது, வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளைகளும் இறங்கலாம்" என்றொரு செய்தி பரவுகிறது. இது தவறு. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை, குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களுடையது. பல கிருமிகளைக் குளோரின் சில நிமிடங்களில் அழித்துவிடும் என்பது உண்மையே. ஆனால் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி, முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் 7 நாள்களுக்கு மேல் உயிரோடிருக்கும். அந்நீரில் ஒரு மிடறு வாய்க்குள் போனாலே தொற்றக்கூடும். ஆகவே வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் குளத்தில் இறங்கவே கூடாது. இந்த ஒட்டுண்ணிதான் என உறுதியானால், நோய் நின்ற பிறகும் 2 வாரம் பொறுக்க வேண்டும். சிறு பிள்ளைகளை எண்ணியே இதை வலியுறுத்துகிறேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையதளத்தில் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.